முதல் ரீசெட் கையால்
ஈஎஸ்பி8266 சிப்பில் சீரியல் கேபிள் வழியாகப் புது ஃபர்ம்வேர் ஏற்றியாயிற்று, நிரலும் ஓடுகிறது. ஆனால் நிரலே ரீஸ்டார்ட் கட்டளை கொடுத்ததும் போர்டு அப்படியே நின்றுவிடும். சீரியல் மானிட்டரில் 'பூட் மோட் (1,7)' என்று வந்தால் சங்கதி இதுதான்: ஏற்றுவதற்காக ஜிபிஐஓ-0 பின்னை ஜம்பரால் கிரவுண்டோடு இணைத்தோமே, அந்த நிலையையே சிப் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மென்பொருள் ரீசெட் அதை மாற்றாது. ஜம்பரைக் கழற்றிவிட்டு ரீசெட் பட்டனை ஒருமுறை அமுக்கினால், அல்லது மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்தால், சரியாகிவிடும். இதை மேசையிலேயே முடித்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுவேகம் அளக்கக் கம்பத்தில் மாட்டிய பெட்டிக்குள் இந்தப் போர்டு இருந்தால், ஆடிக் காற்றில் ஏணி வைத்து ஏறுவது யார்? வைஃபை வழி அப்டேட்டும் கடைசியில் இதே ரீஸ்டார்ட்டைத்தான் நம்பியிருக்கிறது.