சத்திரக்காரனின் கணக்கு



"இன்சூரன்ஸ்காரன் குறைச்சுதான் தருவான், அதுவும் இழுத்தடிச்சுத் தருவான். நாம கொஞ்சம் கூட்டி எழுதினா பாவமா பாஸ்டர்?" சபையில் பலர் கேட்ட கேள்வி இது. மறைமலை அடிகள் சாலையில் என் காரின் முன்பக்கம் இடிபட்டு, ஐந்து வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றபோது என் முன்பாகவும் வந்தது. பின்கதவில் பழைய நசுங்கல் ஒன்று இருந்தது. மெக்கானிக் தம்பி நல்ல மனசோடுதான் சொன்னார்: "இதையும் சேர்த்துடலாம் பாஸ்டர், எல்லாரும் பண்றதுதான்."

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை யோசிப்போம்.

நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனைப் பிரசங்கிக்கிறோம், லேவியனைப் பிரசங்கிக்கிறோம். சத்திரக்காரனை விட்டுவிடுகிறோம். சமாரியன் இரண்டு பணம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான். சத்திரக்காரன் அந்த வார்த்தையை நம்பினான். சமாரியனோ சத்திரக்காரன் எழுதப்போகும் கணக்கை நம்பினான். "இவன் எப்போ வருவானோ, நாலு பணம் கூட்டிப் போடுவோம்" என்று அவன் நினைத்திருந்தால்? அடுத்தமுறை அடிபட்டவனுக்காக யார் அப்படி வாக்குக் கொடுப்பார்?

இன்சூரன்ஸும் இப்படித்தான். முன்பின் தெரியாதவர்கள் பிரீமியம் கட்டுகிறார்கள். அடிபட்டவருக்கு அதிலிருந்து போகிறது. நாம் கூட்டி எழுதுவது இன்னொரு குடும்பத்தின் பணம். ஒவ்வொரு பொய் பில்லும் அடுத்து வரும் உண்மையான பில்லையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது.

"அவன் குறைக்கிறானே?" குறைப்பதெல்லாம் அநியாயம் அல்ல. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதிதான் உண்டு. ஐந்து வருஷம் தாண்டிப் பத்துக்குள் இருக்கும் காரின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. தாமதமும் எல்லாம் வஞ்சகம் அல்ல. பிரித்துப் பார்த்தபின் உள்ளே சேதம் தெரிந்தால் சர்வேயர் மறுபடி வரவேண்டும்.

ஆனால் வீணான தாமதமும் உண்டு. அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது பரிசுத்தம் ஆகாது. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் போன விதவையைப் பாருங்கள். அவள் பொய்ச்சாட்சி தேடவில்லை. வீட்டில் முடங்கவும் இல்லை. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாள். நாமும் கேட்கலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்னும் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வைத்த விதிப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்கவேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தரவேண்டும். அது கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்லவேண்டும். மீறினால் கம்பெனிக்கு எழுத்துமூலம், தேதி போட்டுப் புகார் கொடுங்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பிரியமானவர்களே, ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்வது மட்டும் சாட்சி அல்ல. கிளெய்ம் படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தும் சாட்சிதான். மற்றவன் வாக்குத் தவறினான் என்பதற்காக நம் வார்த்தை மாறக்கூடாது.

ஒன்று மட்டும் சபையாருக்குச் சொல்லுகிறேன். டாக்சி ஓட்டிப் பிழைக்கும் சகோதரனுக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள். அந்த வருமான இழப்பைச் சாதாரண பாலிசி தராது. அவரிடம் "உண்மையாயிரு" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டால், லேவியனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சமாரியன் தன் சொந்த வாகனத்தில் அடிபட்டவனை ஏற்றினான். உங்களில் வண்டி உள்ளவர்கள் அந்தக் குடும்பத்தை ஏற்றிச் செல்லுங்கள். பிள்ளைகளின் ஃபீஸுக்குக் கைமாற்றுக் கொடுங்கள். உண்மை பேசச் சொல்லுகிற சபை, அந்த உண்மைக்கு ஆகும் செலவிலும் பங்கு எடுக்கவேண்டும். அதற்குக் கர்த்தர் நம்மைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.