ஓட்டு விழாத பறவை

பஞ்சதந்திரத்தில் ஒரு தேர்தல் வருகிறது. காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் எப்படித் தீராப் பகை வந்தது என்று சொல்லும் மூன்றாம் தந்திரத்தில் இருக்கிறது அந்தக் கதை. கருடன் திருமாலுக்கு வாகனமாகப் போய்விட்டார், நம்மைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம், வேறு ராஜா பார்ப்போம் என்று பறவைகள் எல்லாம் கூடுகின்றன. ஆந்தையைத் தேர்ந்தெடுக்கின்றன. சிம்மாசனம், தீர்த்தம் எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்துக் காகம் வருகிறது. இதுவா ராஜா, சாந்தமாக இருக்கும்போதே முகம் இப்படி என்றால் கோபம் வந்தால் எப்படி இருக்கும், பகலில் கண்ணும் தெரியாதே என்று ஒரு பிரசங்கம். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிட்டது. பட்டாபிஷேகத்துக்கு வந்த ஆந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறது.

சின்ன வயதில் கேட்டபோது காகத்தின் வாய்ச் சாமர்த்தியம்தான் மனத்தில் நிற்கும். இப்போது படித்தால் வேறு ஒன்று உறுத்துகிறது. அங்கே கூடியிருந்த ஒரு பறவைகூட, ராத்திரியில் நமக்கு யார் காவல் என்று கேட்கவில்லை. முகம் பிடிக்கவில்லை, முடிந்தது கதை. (ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்பதும் தவறுதான். தெரியும். வெளிச்சம் அதற்குத் தோதான நேரம் இல்லை, அவ்வளவே.)

பிடிப்பதும் பிடிக்காததும் இன்றைக்கு நம் விரல் நுனியில் இருக்கிறது. பொங்கோல் எல்ஆர்டியில் நாலு நிறுத்தம் போவதற்குள் ஒரு பாட்டுக்கு இதயம் போடுகிறோம், இன்னொன்றைத் தள்ளிவிடுகிறோம், "அண்ணா, நம்ம பாட்டுக்கு ஒரு ஓட்டு போடுங்க, இன்னிக்குத்தான் கடைசி" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பாட்டு ரசிப்பதற்குத்தானே. ஆனால் அந்த ஓட்டு எதை அளக்கிறது என்று நிதானமாக ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம். அதற்குத் தோதான உதாரணம் நம் தமிழிலேயே இருக்கிறது.

2002இல் பிபிசி உலகச் சேவை தன் 70ஆம் ஆண்டை ஒட்டி, உலகத்தில் எல்லோருக்கும் மிகப் பிடித்த பாட்டு எது என்று ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஓட்டுகள். நான்காம் இடத்தில் வந்தது 1991இல் வெளியான ‘தளபதி’ படத்தின் ராக்கம்மா பாட்டு. இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ்.பி.பி.யும் சுவர்ணலதாவும் பாடியது. ஐந்தாம் இடமும் ஒரு தமிழ்ப் பாட்டுக்குத்தான், திருமலை சந்திரன் பாடியது. முதல் பத்தில் இரண்டு! எட்டாவது ஷெர், பத்தாவது குவீன். நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது.

முதல் இடம் யாருக்கு? அயர்லாந்தின் ஒரு பழைய தேசியப் பாடலுக்கு. அதற்காக மின்னஞ்சலில் ஊரெல்லாம் பிரசாரம் நடந்தது. இரண்டாம் இடம் வந்தே மாதரம், மூன்றாம் இடம் பாகிஸ்தானின் ஒரு தேசபக்திப் பாட்டு. பட்டியலைப் பார்த்தாலே புரிகிறது இல்லையா, அங்கே மோதிக்கொண்டது ராகமும் தாளமும் இல்லை. யார் யாரை எவ்வளவு சீக்கிரம் திரட்ட முடிந்தது என்பதுதான் அளக்கப்பட்டது. ஓட்டுப் போட்டவர்களின் பாசம் பொய் என்று சொல்லவில்லை. அந்தப் பாசத்தின் எண்ணிக்கை பாட்டின் தரத்துக்குச் சான்று ஆகாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

ராக்கம்மாவைக் கடைசியாக முழுசாகக் கேட்டது எப்போது? அடுத்த முறை நடுவில் ஓட்டிவிடாதீர்கள். ஆட்டமும் பாட்டமும் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் அடங்கி, கோயிலில் பாடும் ஒரு தேவாரம் வருகிறது. தில்லைக் கூத்தனைப் பார்த்து அப்பர் பெருமான் பாடியது. அந்த ஒன்றரை லட்சம் ஓட்டில் தேவாரத்துக்காக விழுந்தது எத்தனை இருக்கும்? தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்தப் பதிகம் 1991 வரைக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஓட்டு அல்ல. கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சந்நிதியில் நின்று பாடிய ஓதுவார்கள். தில்லையில் பூட்டிய அறைக்குள் கறையான் அரித்த ஓலைகளை இராசராச சோழன் காலத்தில் மீட்டார்கள் என்று மரபு சொல்கிறது. மீட்டது கொஞ்சம், போனது அதிகம் என்றும் சொல்கிறது. யாரும் கேட்காத காலத்தில் ஒரு பொருளை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் எனக்கு இங்கே கேள்வி.

பறவைகளுக்கும் இதே கேள்வி உண்டு. பறவைகளுக்கே ஓட்டுப் போடுகிறார்களே! நியூசிலாந்தில் ஆண்டுதோறும் இணையத்தில் வாக்கெடுப்பு நடக்கும். 2020இல் ஒரு கிவிக்கு 1,500 கள்ள ஓட்டு விழுந்து பிடிபட்டது. 2023இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் புட்டெகெட்டெக்கெ என்ற நீர்ப்பறவைக்குப் பிரசாரம் செய்ய, அது 2,90,000 ஓட்டுக்கு மேல் வாங்கி ‘நூற்றாண்டின் பறவை’ ஆகிவிட்டது. ஒரு விதத்தில் நல்லது, பெயர்கூடத் தெரியாத பறவையை உலகம் தெரிந்துகொண்டது. இங்கே சிங்கப்பூரிலும் 2015இல் நேச்சர் சொசைட்டி நடத்திய வாக்கெடுப்பில் செந்நிறத் தேன்சிட்டு ஜெயித்தது. சின்னது, சிவப்பு, படத்தில் அழகாக விழும். யார்தான் போட மாட்டார்கள்?

ஆந்தைக்கு யார் போடுவார்கள்? நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். "ஐயோ, அது கத்தினா ஆகாது" என்பார் பாட்டி. ஆந்தை முழி என்பது நமக்கு வசவு. சங்கப் பாடலிலேயே கூகை சுடுகாட்டில் குழறுவது உண்டு, அப்படிப் பாடியே ஒரு புலவருக்குக் கூகைக்கோழியார் என்று பெயர் நின்றுவிட்டது. இதே ஆந்தை வங்காளத்தில் லட்சுமியின் வாகனம், அங்கே கோலத்தில் அதன் உருவம் உண்டு. ஒரே பறவை, இங்கே மூதேவி, அங்கே ஸ்ரீதேவி. பறவையிடம் எந்த மாற்றமும் இல்லை.

லட்சுமியின் வாகனம் என்பதாலாவது அது தப்பித்ததா என்றால், இல்லை. தீபாவளிக்கு முன்னால் வட இந்தியாவில் ஆந்தைகளைப் பிடித்து விற்பதும், தாந்திரீகம் என்ற பெயரில் பலி கொடுப்பதும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது, ஆனாலும் நடக்கிறது. 2010இல் டிராஃபிக் இந்தியா அமைப்பு இந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு முழு அறிக்கையே வெளியிட்டது. செல்வம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று செல்வத்தின் தேவி ஏறிவரும் பறவையை அறுப்பதாம். இந்து இளையர்கள் படிக்கிற பத்திரிகையில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? வெறுப்பும் அதைக் கொன்றது, பக்தி என்று பேர் வைத்துக்கொண்ட ஆசையும் அதைக் கொன்றது.

சிங்கப்பூரில் பலி கிடையாது. வேறு ஆபத்துகள் உண்டு. திருக்குறளில் காலமறிதல் அதிகாரம் முதல் குறளிலேயே, தன்னைவிட வலிய கூகையைப் பகலில் காக்கை மடக்கிவிடுவதை உவமையாகச் சொல்கிறார் வள்ளுவர். அதை உவமையாக மட்டும் நினைக்க வேண்டாம். பகலில் மரத்தில் தூங்கும் ஆந்தையைக் காக்கைக் கூட்டம் கண்டுபிடித்தால் சுற்றி நின்று கத்தும், கொத்தும், விரட்டும். விரட்டப்பட்ட ஆந்தை கண்ணாடிக் கட்டடத்தில் போய் மோதும். வடக்கே குளிர் தொடங்கியதும் வலசை வரும் சின்ன ஆந்தைகளும் ராத்திரி வெளிச்சத்தில் திசை கெட்டு மோதும். எலிக்கு வைத்த பசை அட்டையில் இறக்கை ஒட்டிக்கொள்வதும் உண்டு, விஷம் தின்ற எலியைத் தின்று மயங்குவதும் உண்டு. பக்கத்தில் பாசிர் ரிஸ் பூங்காவில் புள்ளி ஆந்தைக் குடும்பத்தைப் பார்க்கக் கேமராவோடு கூட்டம் நிற்குமே, அந்தப் பறவைகளுக்கும் இதே நகரம்தான்.

அடிபட்டு விழுந்ததைக் கண்டால் என்ன செய்வது என்பது பெரிய வித்தை இல்லை. ஒரு துண்டைப் போட்டு மூடி, காற்றுத் துளை உள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டுவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்துக்கோ 2001 முதல் இயங்கும் ஏக்கர்ஸ் அமைப்புக்கோ சொல்ல வேண்டும். நகத்தில் கவனம் வேண்டும், அலகைவிட அதுதான் ஆபத்து. பால் ஊற்றுவது, சோறு ஊட்டுவது, வீட்டில் வைத்துக்கொள்வது எதுவும் கூடாது. கடைசிச் செயல் வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. தரையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தைக் குஞ்சு எல்லாமே அநாதை இல்லை. பறக்கப் பழகும் வயதில் கீழே இறங்கும், தாய் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாம் இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனால் அது கடத்தல்.

பிறகு நடப்பதுதான் என்னை யோசிக்க வைப்பது. ஆந்தையைப் பராமரிப்பவர் அதைக் கொஞ்சக் கூடாது. பெயர் சொல்லிப் பேசக் கூடாது. குஞ்சாக இருந்தால் முகத்தையே காட்டாமல் ஊட்டுவதும் உண்டு, மனிதரைத் தாய் என்று நினைத்துவிட்டால் அதற்குக் காட்டில் வாழ்வு இல்லை. கண் குழாய் மாதிரி நீண்டு மண்டைக்குள் பதிந்திருப்பதால் மோதலில் முதலில் அடிபடுவது அதுதான், அதைப் பார்க்க வேண்டும். இறக்கை ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற இழைதான் சத்தமில்லாமல் பறக்க வைக்கிறது, அது கெட்டிருந்தால் புது இறகு வரும்வரை காத்திருக்க வேண்டும். இதெல்லாம் செய்த ஆளைப் பார்த்து ஆந்தை அலகைச் சொடுக்கும், சீறும். பிழைத்தால் நன்றி சொல்லாது. பிழைக்காது என்று தெரிந்தால் வலியில்லாமல் முடித்துவிடும் முடிவையும் அதே ஆள்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் இளையர் குழுவில் இதைப் பேசியபோது ஒரு தங்கை நேராகக் கேட்டாள்: "அண்ணா, அதுக்கு எலிதானே சாப்பாடு? ஒரு உயிரைக் காப்பாத்த எத்தனை உயிர்?" நல்ல கேள்வி. ஆந்தை எலியை முழுசாக விழுங்கும், எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கும். வெறும் கறி கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் அதன் எலும்பு வளைந்துபோகும். காய்கறிக்கு மாற்ற முடியாது. அகிம்சை என்பது என் கை சுத்தமாக இருக்கிறதா என்ற கணக்கு மட்டும் என்றால், ஆந்தையை விட்டுவிட்டுப் போவதே சுத்தம். எனக்கு அந்தச் சுத்தத்தில் சம்மதம் இல்லை. அதை விழ வைத்த கண்ணாடி நம்முடையது, பசையும் நம்முடையது. நாம் ஏற்கெனவே அந்தக் கணக்கில் இருக்கிறோம். அந்த எலிகளின் உயிர் சும்மா இல்லை என்று வருத்தத்தோடு கொடுப்பதுதான் நேர்மையாகப் படுகிறது. அந்தத் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் நல்லதுதான்.

பலனை எதிர்பார்க்காத கர்மம் என்று கீதை வகுப்பில் கேட்கிறோம். தேர்வுக்குப் படிப்பதற்கும் வேலை பார்ப்பதற்கும் அதை உதாரணமாகச் சொல்வார்கள், எனக்கு அது ஒட்டவே மாட்டேன் என்கிறது, அங்கே எல்லோரும் பலனைத்தான் எதிர்பார்க்கிறோம். உங்களை வெறுக்கும் ஒரு பறவைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மருந்து கொடுப்பது என்றால் பொருந்துகிறது. பிடித்ததைக் காப்பாற்றுவது ரசனை. பிடிக்கிறதோ இல்லையோ கடமைப்பட்டிருக்கிறோம் என்று காப்பாற்றுவதற்குத்தான் தர்மம் என்று பேர்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. பணம் எங்கிருந்து வரும்? அழகான படம் போட்டால்தானே நன்கொடை, லைக் இல்லாமல் கருணை நடக்குமா? நியூயார்க்கில் ஃபிளாக்கோ என்ற ஆந்தை 2023 பிப்ரவரியில் மிருகக்காட்சிசாலைக் கூண்டிலிருந்து தப்பியது. உலகமே அதற்கு ரசிகர் ஆனது, பிடிக்காதீர்கள் என்று இணையத்தில் மனு போட்டார்கள். ஓராண்டு கழித்து ஒரு கட்டடத்தடியில் செத்துக் கிடந்தது. பரிசோதனையில் புறாவிடமிருந்து வந்த கிருமியும் உடம்பில் நாலு வகை எலி விஷமும் இருந்தன. இத்தனை அன்பும் ஒரு எலிப் பொறியைக்கூட நகர்த்தவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு நியூயார்க் நகர மன்றம் அதன் பெயரால், விஷத்துக்குப் பதிலாக எலிகளுக்குக் கருத்தடைத் தீவனம் வைத்துப் பார்க்கச் சட்டம் போட்டது. அப்படியானால் ரசிகர் கூட்டமும் பயன்படத்தான் செய்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஃபிளாக்கோவுக்கு விழுந்த ஓட்டு பேர் தெரியாத ஆந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தால் அந்த ஓட்டு நல்ல ஓட்டு. ஃபிளாக்கோவோடு நின்றுவிட்டால் அது வெறும் ரசிகர் மன்றம்.

ஆகவே லைக் போடுங்கள், பாட்டுக்கும் போடுங்கள். உங்கள் புளோக்கில் எலிப் பசை அட்டை திறந்த வெளியில் கிடந்தால் நகர மன்றத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தேறிய ஆந்தையை வெளியே விடுவது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான், காக்கைகள் அடங்கிய நேரத்தில், கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். சில நேரம் உடனே போகும், சில நேரம் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். கிளம்பும்போது சத்தமே வராது.