ஜகாத்தும் வேலை இழந்த தொழிலாளியும்

 



அமெரிக்காவில் வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் யூ.பி.எஸ். என்னும் கம்பெனி, 2025-ஆம் ஆண்டில் 48,000 வேலைகளைக் குறைத்துவிட்டதாக அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. அவற்றுள் 34,000 வேலைகள் வண்டி ஓட்டுவோர், சரக்குக் கையாள்வோர் போன்றோருடையவை. அமேஸானின் சரக்கை ஏற்பதைக் குறைத்துக் கொண்டது ஒரு காரணம். பார்சல்களைப் பிரித்தடுக்கும் வேலையை இயந்திரங்களிடம் ஒப்படைத்து வருவது மற்றொன்று. அமேஸானோ 2012-ல் கிவா என்ற இயந்திரக் கம்பெனியை விலைக்கு வாங்கி, 2025-ல் தன்னுடைய பத்து லட்சமாவது ரோபோவை இறக்கிவிட்டதாகக் கூறிக்கொண்டது.

தூரத்துச் செய்திதானே என்று இருந்துவிடுவதற்கில்லை. பெங்களூரில் ஃபிளிப்கார்ட் கிடங்கில் 2019-லேயே பார்சல் பிரிக்க ஆளில்லாச் சிறுவண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. நம் மஹல்லாப் பிள்ளைகள் பலர் இத்தகைய கிடங்குகளிலும் இருசக்கர வண்டிகளிலும் உழைத்துத்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறார்கள்.

இயந்திரமே கூடாதா என்றால், அப்படியல்ல. தாவூது (அலை) அவர்களுக்கு அல்லாஹுத் தஆலா இரும்பை இளக்கிக் கொடுத்ததைத் தன் அருளாகவே குர்ஆனில் கூறுகிறான். நாம் கவலைப்படுவது வேலை போனவரைப் பற்றி. ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ், தவக்குல் வையுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ரிஜ்கில் அவருக்குரிய பங்கு நம் பெட்டியில் ஜகாத்தாகக் கிடக்கிறதே, அதை யார் கொடுப்பது?

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் அபூதாவூதிலே வருகிறது. யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. அவற்றை வரவழைத்து நபியவர்களே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்றில் வீட்டாருக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்து, அதற்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு மாட்டிக் கொடுத்து, பதினைந்து நாள் கண்ணில் படாமல் விறகு வெட்டி விற்கும்படி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்தார். உபதேசத்தோடு கருவியும் சேர்ந்து போனதைக் கவனியுங்கள்!

“ஆள் திடகாத்திரமாக இருக்கிறார், வண்டி வைத்திருக்கிறார், இவருக்கா ஜகாத்து?” என்று ஜமாஅத்துகளில் கேட்கப்படுகிறது. ஷாஃபியீ மத்ஹபின்படி, உழைக்கத் தெம்பிருந்தும் தமக்குத் தகுந்த ஹலாலான வேலை கிடைக்காதவர் ஜகாத் பெறத் தகுதியுடையவரே. குடியிருக்கும் வீடும் தொழிற்கருவியும் அவரைச் செல்வந்தராக்கிவிடா. ஹனஃபி மத்ஹபிலோ, அத்தியாவசியத் தேவை போக நிஸாபு அளவு பொருள் இல்லாதவர் உடல் நலமுள்ளவராக, சம்பாதிப்பவராகவே இருப்பினும் அவருக்குக் கொடுக்கலாம்.

எவ்வளவு கொடுப்பது? கைத்தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவுக்கு, அது சிறிதாயினும் பெரிதாயினும், கொடுக்க வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். நாமோ ரமலானில் வாசலில் வரிசை நிறுத்தி ஆளுக்கொரு நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறோம். நோட்டு மாற்றி வைத்த சிரமத்தைத் தவிர அதில் வேறு பெரிய பலன் நமக்குத் தெரியவில்லை. நாலு வீட்டார் தம் ஜகாத்தைச் சேர்த்து, தையல் தெரிந்தவருக்கு மிஷினும் மெக்கானிக் வேலை தெரிந்தவருக்குக் கருவிப் பெட்டியும் அவருக்கே சொந்தமாக்கிக் கொடுத்தால் என்ன? ஹனஃபிகள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: கடனோ குடும்பப் பொறுப்போ இல்லாத ஒருவருக்கு நிஸாபு அளவை மொத்தமாகக் கொடுப்பது அவர்களிடம் மக்ரூஹ்.

இதற்காக ரமலான் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நிஸாபை அடைந்துவிட்டவர் ஆண்டு முடியுமுன்பே ஜகாத்தைக் கொடுத்துவிடலாம் என்பது இவ்விரு மத்ஹபுகளின் தீர்ப்பு. அப்பாஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது நபியவர்கள் அதற்கு அனுமதியளித்துள்ளார்கள். ரபீஉல் அவ்வலில் வேலை போனவருக்கு ரபீஉல் அவ்வலிலேயே கொடுத்துவிடலாம்.