எங்கிட்டுப் போறீக?

வீட்டை விட்டுப் புறப்படுகிறவரை "எங்கே?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பாட்டி காலத்துச் சட்டம். கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். கேட்காமல் இருக்க முடியாதவர்கள் "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். புறப்பட்டவருக்கு மனமிருந்தால் ஊர்ப் பெயரைச் சொல்வார். இல்லாவிட்டால், "பக்கத்தில்தான்" என்று செருப்பை மாட்டிக்கொள்வார். இதை வெறும் சகுன நம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வந்ததில்லை. ஒரு மனிதன் போகிற இடம் அவனுடைய சொந்த விஷயம் என்ற மரியாதையும் அதில் கலந்திருப்பதாக நெடுநாள் எண்ணியிருந்தேன். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போகிற பஸ்ஸில்தான் அந்த எண்ணத்துக்கு முதல் அடி விழுந்தது.

தேனிச் சீமையில் மலை ஏற ஆசைப்படுகிறவனுக்குக் கார் வேண்டியதில்லை. சின்னமனூரில் பஸ் ஏறினால் மேகமலை. கம்பத்தில் ஏறினால் சுருளி. கூடலூரைத் தாண்டிப் பளியன்குடியில் இறங்கினால், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் திறந்துவிடும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துப் பாதை. போடியில் ஏறினால் குரங்கணி. கையில் ஒரு துணிப்பையும் சட்டைப்பையில் கொஞ்சம் சில்லறையும் போதும்.

2014-ஆம் ஆண்டு தை மாதம் அப்படித்தான் புறப்பட்டேன். முந்தலில் போடிமெட்டுச் சாலையை விட்டுப் பிரிந்து, மாந்தோப்புகளும் இலவ மரங்களும் இரு பக்கமும் வர, கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் பஸ் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மூதாட்டி. அவர் காலடியில் ஓர் அரிசிச் சிப்பம்.

"தம்பி எங்கிட்டுப் போறீக?"

"குரங்கணிக்கு."

"அங்கன யாரு வீட்டுக்கு?"

"யார் வீட்டுக்கும் இல்லை அம்மா. மலை ஏறப் போகிறேன்."

"எஸ்டேட்டுல சோலியா?"

"இல்லை. சும்மா."

"சும்மாவா!" என்று அவர் பின் இருக்கைப் பக்கம் திரும்பி, "சும்மா மலையேறப் போறாகளாம்" என்று அறிவித்தார். அரைப் பஸ் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதோடு விட்டாரா? ஒத்தையிலயா, தண்ணி வச்சிருக்கீகளா, சாயங்காலப் பஸ்ஸுக்குத் திரும்பிருவீகள்ல என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினேன். எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. நான் எங்கே போனால் இவருக்கு என்ன? நகரத்தை விட்டு வந்ததே, யாரும் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் ஒரு நாள் இருக்கத்தானே?

அவர் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஏறுகிறவர். பெயரைக் கேட்டு ரயில் நிலையம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு மலையூர். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் மலை ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அடிவாரத்துக்கு இறங்கி, போடிக்கு வண்டியேறியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908-இல் முறையான ரயிலாக மாறிய அந்தப் பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்துவிட்டது. கம்பிவடமும் பிறகு போயிற்று. மேல் நிலையம், நடு நிலையம் என்ற பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. அவற்றுக்கு இடையே மனிதர்கள் அரிசியும் உப்பும் மருந்தும் சுமந்து நடக்கிறார்கள். நான் "சும்மா" நடக்க வந்த பாதை, அவர்களுக்கு ஒரு நாளும் சும்மா நடக்கிற பாதையாக இருந்ததில்லை.

அன்று நான் ஏறிய தூரம் அதிகமில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. இறங்கும்போது பாதி வழியிலேயே இருட்டத் தொடங்கிவிட்டது. அப்போது ஓர் இளைஞன் டார்ச் விளக்குடன் எதிரே வந்தான். "காலப் பஸ்ஸுல வந்தவுக நீங்கதானே? இன்னும் எறங்கலையேன்னு டீக்கடை அண்ணன் பாத்துட்டு வரச் சொன்னாக" என்றான். அந்த மூதாட்டி மலை ஏறுமுன் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கீழே பஸ் எனக்காகப் பத்து நிமிடம் நின்றிருந்தது. உள்ளே ஏறியபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "எங்கிட்டுப் போனீக?" என்று மட்டும் கேட்டார்கள். இந்தத் தடவை முழுப் பதிலையும் சொன்னேன்.

நாலு ஆண்டுக்குப் பின், 2018 மார்ச் 11 அன்று, அதே மலையில் தீப்பிடித்தது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்தும் முதல் நாள் ஏறியிருந்தவர்கள், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வருகையில், காய்ந்த புல் சரிவில் நெருப்புக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் பெண்கள் பலர். சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து இருபத்து மூன்று உயிர்கள் போயின. பிறகு விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் புகையைக் கண்டு, அலறலைக் கேட்டு, முதலில் மேலே ஓடியவர்கள் அந்த மலையடிவாரத்து மக்களும் எஸ்டேட் கூலிகளுமே. காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தோளில் தூக்கி இறக்கினார்கள். ஓடியவர்களில் யாரும் "இவர்கள் யாரைக் கேட்டு மலை ஏறினார்கள்?" என்று கேட்டுக்கொண்டு நின்றதாக நான் அறியவில்லை.

இறந்தவர்கள் மேல் குறை சொல்வது என் நோக்கமில்லை. நானும் அவர்களைப் போல் சும்மா நடக்கப் போனவன்தான். போன மாதம் தை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் செய்தியைப் படித்த இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு எண்ணம். நமக்கு ஆபத்து வந்தால் யார் தோள் கொடுத்துச் சுமக்கப்போகிறார்களோ, அவர்களுக்கு நம்மைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டா, இல்லையா?

என் நண்பர் ஒருவர் இல்லை என்கிறார். "மலை கடவுள் படைத்தது. நம் முன்னோர் யாரைக் கேட்டு நடந்தார்கள்?" என்பது அவர் வாதம். முன்னோர் கேட்டுத்தான் நடந்தார்கள் ஐயா! கேட்டதும் சொன்னதும் நம் இலக்கியத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிற மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகளையும் பாம்பு கிடக்கும் குழிகளையும் கால் வழுக்கும் பாறைகளையும் சொல்லி எச்சரிக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மாங்காட்டு மறையோனைக் கண்டதும், உமது ஊர் எது, இங்கே வந்தது எதற்கு என்றுதான் பேச்சைத் தொடங்குகிறான். பிறகு மதுரைக்கு வழி கேட்கிறான். மறையோன் மூன்று வழிகளைச் சொல்கிறான். எந்த வழியில் என்ன துன்பம் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். அன்று அந்தக் காட்டு வழியில் உடன் நின்ற கண்ணகியின் கோட்டம்தான் இன்று கம்பம் பள்ளத்தாக்கின் தலைமேல் இருக்கிறது.

நண்பரின் மகள் சொன்ன மறுப்பைத்தான் என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. "மாமா, ஆண்பிள்ளையை எங்கே போகிறாய் என்று கேட்டால் அது விசாரிப்பு. எங்களைக் கேட்டால் அது வேலி. வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுக் கேட்டே எங்களை உட்கார வைத்துவிட்டார்கள்" என்றாள். உண்மைதான். அதே சொற்கள்தாம் ஒருவர் வாயில் வேலியாகவும் இன்னொருவர் வாயில் விளக்காகவும் இருக்கின்றன. எப்படிப் பிரித்து அறிவது?

பல நாள் யோசித்து நான் ஓர் அளவுகோலுக்கு வந்திருக்கிறேன். கேட்டவர் சாயங்காலம் நமக்காகக் காத்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். நம்மைத் தடுப்பதற்காகக் கேட்கிறவர், நாம் மீறிப் போய்விட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். போகவிட்டுக் கேட்கிறவர் இருட்டினால் விளக்கோடு ஆள் அனுப்புவார். முன்னவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பின்னவருக்குப் பதில் சொல்ல மறுப்பதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது அவர் தோளை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க மறுப்பது.

இப்போது அந்தக் கேள்வியை அரசாங்கமும் கேட்கிறது. 2018-லேயே மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தார்கள். 2024 அக்டோபரில், தமிழ்நாடெங்கும் நாற்பது பாதைகளுக்குப் பதிவு செய்துகொண்டு நடக்கும் ஏற்பாடு வந்தது. குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்குப் போகும் பாதையும் அவற்றில் ஒன்று. உள்ளூர் இளைஞர்களும் பழங்குடி மக்களும் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள். இது நல்லது. சாயங்காலம் எத்தனை பேர் இறங்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய காரியம்.

ஆனால் பணம் கட்டிச் சீட்டு வாங்கியவனுக்கு ஒரு மயக்கம் வரக்கூடும்: அனுமதி பெற்றாயிற்று, இனி எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று. அதனால்தான் நான் இன்னமும் பஸ்ஸில் போகச் சொல்கிறேன். அடிவாரம் வரைக்கும் காரில் போகிறவன், யார் வீட்டு வாசல் வழியாக மலைக்குள் நுழைகிறோம் என்று அறியாமலே நுழைந்துவிடலாம். பஸ்ஸில் போகிறவனுக்கு அது நடக்காது. அரிசிச் சிப்பத்தோடு யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

பாட்டியின் சட்டத்துக்கு ஒரு மறுபாதி உண்டு என்பது எனக்கு இவ்வளவு காலம் கழித்துத்தான் உறைத்தது. புறப்படுகிறவரை "எங்கே?" என்று கேட்கக் கூடாது, சரி. ஆனால் புறப்படுகிறவரும் "போகிறேன்" என்று சொல்லக் கூடாது. "போய்விட்டு வருகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வருவேன் என்ற வாக்கை, காத்திருக்கப் போகிறவரிடம் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். அன்று குரங்கணியில் பஸ் நின்றதும், அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தவன் நான். அவரோ எனக்காகச் சொல்லிவைத்துவிட்டுப் போனார்.