கண்ணாடித் தொட்டியும் அமானிதமும்

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். “ஹஜ்ரத், வீட்டில் திருக்கை மீன் வளர்க்கிறேன். குட்டி போட்டுவிட்டது. தொட்டியில் இடமில்லை. கோமுகி அணையில் விட்டுவிட்டால், உயிரை விடுதலை செய்த நன்மை கிடைக்குமா?”

திருக்கை என்றதும் நமக்குக் கடலூர் மீனும் புளிக்குழம்பும்தான் நினைவுக்கு வந்தன. இது வேறு. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் நன்னீர்த் திருக்கை; பொட்டமோட்ரிகான் என்று பெயர். சென்னைக் கொளத்தூரில் உள்ளங்கையளவு குட்டிகளாக வாங்கினாராம். மணலில் புதைந்து கிடந்து, கண்ணுக்குப் பின்னுள்ள துளைகளால் நீரை இழுத்து மூச்சு விடும். முட்டையிடுவதில்லை, தாயின் வயிற்றில் பால் போன்ற சுரப்பை உண்டு வளர்ந்து முழுக் குட்டியாகவே பிறக்கும். மீனின் வயிற்றிலும் பாலா! ஸுப்ஹானல்லாஹ் என்றோம். ஆனால் நன்கு வளர்ந்தால் அது நம் விருந்துச் சஹன் அளவுக்கு அகலமாகிவிடும் என்பதை வாங்கும்போது அவர் யோசிக்கவில்லை.

வளர்ப்பதே கூடாதா? அப்படியில்லை. அபூஉமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்தார்கள், கண்டிக்கவில்லை. ஆனால் பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியும் ஹதீஸில் உண்டு. தொட்டி மீன் அந்தப் பூனையைப் போன்றதே. இரை தேடி எங்கும் போகாது. தன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவே அதற்கு நஞ்சு; வடிகட்டி நின்றால் ஓடித் தப்பவும் வழியில்லை.

சரி, விட்டுவிடலாமே என்றால்? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் ஒரு சட்டம் உண்டு. வேட்டைப் பிராணியை உடைமையாக்கியவர் பிறகு தாமே அவிழ்த்துவிட்டாலும், சரியான கருத்தின்படி அவருடைய உடைமை நீங்குவதில்லை. கதவைத் திறந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ள முடியாது என்பதே இதிலிருந்து நாம் விளங்குவது. கல்வராயன் மலையிலிருந்து வரும் நீர் கோமுகியில் தேங்குகிறது. அங்கே வெறுங்காலோடு இறங்கி மீன் பிடிப்பவர் இருக்கிறார். திருக்கையின் வாலிலோ நஞ்சுள்ள முள். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா மீன்கள் ஆறுகளில் வலையில் சிக்கின. அது தவறி நடந்தது. இவரோ நிய்யத் வைத்துச் செய்யப் பார்க்கிறார்!

இவ்வினத்தில் சிலவற்றை 2022-ல் பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். வாங்கியது எந்த வகை என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

குட்டிகளை, பெரிய தொட்டியும் அனுபவமும் உள்ளவரிடம் முறைப்படி ஒப்படைக்கச் சொன்னோம். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கச் சொன்னோம். தலையாட்டினார். “ராத்திரி கரண்டு போனால் யார் எழுந்து பார்ப்பது?” என்று கேட்டோம்.

“அம்மா பார்ப்பாங்க, ஹஜ்ரத்” என்றார்.


அந்தத் தாய்க்கு வயது எழுபதாம்.