சாஸ்திரம் ஆயுதமா?

ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் இரண்டு இளைஞர்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். மதிய உணவு வேளையில் பேச்சு சமயத்தின் பக்கம் திரும்புகிறது. கிறிஸ்தவ இளைஞர் பைபிளிலிருந்து ஒரு வசனத்தைச் சொல்லி, ‘இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?’ என்று கேட்கிறார். இந்து இளைஞர் கீதையிலிருந்து ஒரு சுலோகத்தைச் சொல்லி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார். இருவரும் உண்மையாகவே பேசுகிறார்கள். ஆயினும் ஒருவர் சொன்னது மற்றவரின் உள்ளத்தைத் தொடவில்லை.

சில நாட்களில் பேச்சின் போக்கு மாறுகிறது. இருவரும் அடுத்தவரின் நூலில் குறை தேடத் தொடங்குகிறார்கள். முரண்பாடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருநாள் இந்து இளைஞர் வழக்கம்போல் மாலையில் கீதையைத் திறக்கிறார். சுலோகங்களைப் படிக்கும்போதே, ‘இது நாளைய விவாதத்திற்குப் பயன்படுமா?’ என்ற எண்ணம் முன்னால் வந்து நிற்கிறது. பக்கங்கள் புரள்கின்றன; பாராயணம் நடக்கவில்லை.

சமய வாதத்தில் சாஸ்திரத்தைப் பயன்படுத்துவது பற்றிய கேள்வி இங்குதான் தொடங்குகிறது. எதிரில் இருப்பவர் வென்றாரா, தோற்றாரா என்பது பிறகு வரும் விஷயம். வாதத்திற்காகத் திறக்கப்படும் நூல், திறப்பவனிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறதா என்பதே முதலில் ஆராய வேண்டியது.

பிரமாணம் யாருக்கு?

அறிவைத் தரும் கருவிகளைப் பிரமாணங்கள் என்று பாரதத் தத்துவ மரபு அழைக்கிறது. நியாய தரிசனம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களை ஏற்கிறது. உண்மையை அறிந்து, அதை உள்ளபடி சொல்லும் நம்பகமானவரின் வாக்கே சப்தப் பிரமாணம். இதில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. சொன்னவர் நம்பகமானவர் என்பதைக் கேட்பவர் ஏற்றிருந்தால்தான் அந்த வாக்கு அவருக்கு அறிவைத் தரும். ஏற்காதவர் காதில் அது வெறும் செய்தியாகவே விழும்.

மிதிலையில் வாழ்ந்த உதயணர் இதை நன்கு உணர்ந்திருந்தார். வேதத்தின் அதிகாரத்தை ஏற்காத பௌத்தர்களோடும் பிறரோடும் வாதிட வேண்டிய நிலையில் அவர் ‘நியாயகுசுமாஞ்சலி’யை இயற்றினார். ஈசுவரன் உண்டென்பதற்கு வேதமே சான்று, வேதம் சான்றாவதற்கு ஈசுவரனே காரணம் என்று சொன்னால், ஒன்றையொன்று தாங்கி நிற்கும் குற்றம் ஏற்படும். தர்க்க நூலார் இதை அந்நியோந்நியாசிரயம் என்பர். ஆகவே அவர் அனுமானத்தின் வழியே ஈசுவரனை நிறுவ முயன்றார். வேதத்தின்மீது அவருக்கிருந்த பக்தி இதனால் குறைந்துவிடவில்லை. எதிரில் இருப்பவர் நிற்கும் இடத்தை அவர் மதித்தார், அவ்வளவே.

13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸும் இதே முடிவுக்கு வந்தார். யூதரோடு பேசும்போது பழைய ஏற்பாட்டை எடுத்துக்காட்டலாம். பைபிளை ஏற்காத பிறரோடு பேசும்போது எல்லா மனிதருக்கும் பொதுவான பகுத்தறிவையே நாட வேண்டும் என்று தமது ‘சும்மா கோன்ட்ரா ஜென்டிலெஸ்’ என்ற நூலின் தொடக்கத்தில் அவர் விளக்குகிறார். தெய்வீக விஷயங்களில் பகுத்தறிவு முழுமையாக எட்டாது என்பதையும் அவர் அங்கேயே ஒப்புக்கொள்கிறார். உதயணரும் அக்குவினாஸும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் பொதுவான தளம் இல்லாத இடத்தில் தன் நூலை நீட்டுவது வாதமாகாது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

அப்படியானால் எதிரில் இருப்பவரின் நூலையே எடுத்து அவரோடு வாதிடலாமே? அதை அவர் மறுக்க முடியாதல்லவா? இந்த வழி அறிவுக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. இது எங்கு கொண்டுசெல்லும் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று இந்தியாவிலேயே நடந்தது.

ஆக்ரா, 1854

1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் ஒரு பெரும் சமய விவாதம் நடைபெற்றது. ஒரு பக்கம் ஜெர்மானியரான கிறிஸ்தவப் பாதிரியார் பாண்டர். இஸ்லாத்தை மறுத்து அவர் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ என்ற நூல் அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. அந்தப் பெயருக்கு ‘உண்மையின் தராசு’ என்பது பொருள். மறுபக்கம் கைரானா ஊரைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லா. அவருக்குத் துணையாக நின்றவர் டாக்டர் வஸீர் கான். ஆங்கிலம் அறிந்த மருத்துவரான இவர், இங்கிலாந்தில் இருந்தபோது பைபிளைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிய ஆராய்ச்சி நூல்களைச் சேகரித்திருந்தார்.

விவாதிக்க ஐந்து பொருள்கள் குறிக்கப்பட்டன. இரண்டு நாட்களில் முதல் இரண்டைத் தாண்ட முடியவில்லை. பைபிளின் பிரதிகளில் மாற்றங்கள் புகுந்துள்ளனவா என்பதே முக்கியக் கேள்வியாயிற்று. கிறிஸ்தவ அறிஞர்களின் நூல்களையே சான்றுகளாக அடுக்கி முஸ்லிம் தரப்பு வாதிட்டது. பழைய பிரதிகளில் சில இடங்களில் பாட வேறுபாடுகள் இருப்பதைப் பாண்டர் ஒப்புக்கொண்டார். அதனால் அடிப்படைப் போதனைகளுக்கு ஊறு இல்லை என்றார். இந்த ஒப்புதலே போதும் என்றது எதிர்த்தரப்பு. விவாதம் அதற்குமேல் தொடரவில்லை. பின்னர் இரு தரப்பினரும் தாங்களே வென்றதாக எழுதி வெளியிட்டனர்.

இதன் பின்விளைவு சிந்திக்கத் தக்கது. ரஹ்மத்துல்லா 1857-க்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி, பின்னர் தம் வாதங்களை ‘இஸ்ஹாருல் ஹக்’ என்ற பெரிய நூலாக எழுதினார். அது முஸ்லிம் உலகெங்கும் பரவியது. அதே சமயம், முஸ்லிம் தரப்போடு தொடர்பு கொண்டிருந்த இமாதுத்தீன், சஃப்தர் அலி என்ற இரு அறிஞர்கள் 1860-களில் கிறிஸ்தவத்தைத் தழுவினர். மேடையில் கேட்ட கைதட்டலுக்கும், தனிமையில் மனித மனம் செல்லும் திசைக்கும் தொடர்பு இருப்பதில்லை.

இரண்டு படிகள்

ஆக்ராவில் பேசியவர்கள் கற்றவர்கள். தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்கள். அவர்களது நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை. ஆயினும் அந்த வாதத்தில் ஒரு குறை இருந்தது. நூல்களை மனித வரலாற்றின் விளைவாகக் கண்டு, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, எந்தப் பகுதியை யார் எழுதியிருக்கக்கூடும் என்று கேட்பது ஐரோப்பிய ஆராய்ச்சி முறை. அந்த முறை ஒரு நூலோடு நின்றுவிடாது. பைபிளிடம் கேட்ட கேள்விகளை அது குர்ஆனிடமும் கேட்கும்; வேதங்களிடமும் கேட்கும். அந்த வாளை இரவல் வாங்கியவர் அதைத் தம் நூலின் பக்கம் திருப்பத் தயாராக இல்லை. பாண்டரும் குர்ஆனை அளந்த கடுமையோடு பைபிளை அளக்க முன்வரவில்லை.

வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது வேறொரு படி வைத்திருக்கும் வணிகனை உலகம் நம்புவதில்லை. சமய வாதத்தில் இந்த இரண்டு படிகள் எளிதில் புகுந்துவிடுகின்றன. தன் புராணத்தில் நம்ப முடியாத ஒரு நிகழ்ச்சி வந்தால் அதற்கு உட்பொருள் உண்டு என்று ஒருவர் விளக்குகிறார். பிறர் நூலில் அத்தகைய நிகழ்ச்சி வந்தால் எழுத்துக்கு எழுத்து நேர்ப்பொருள் கொண்டு நகைக்கிறார். தன் நூலில் ஒரு கடுமையான விதி இருந்தால் அது அக்காலத்துக்கு உரியது என்கிறார். பிறர் நூலில் இருந்தால் அதுவே அந்தச் சமயத்தின் சாரம் என்கிறார். இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லை. இது பொய் சொல்வதைப்போல் வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆனால் சத்தியத்திற்கு இழைக்கப்படும் தீங்கு ஒன்றேதான்.

கல்கத்தாவில் ஒரு மேசை

ஆக்ரா விவாதத்திற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் நடந்தது வேறு விதமானது. ராஜா ராம்மோகன் ராய் 1820-இல் நான்கு சுவிசேஷங்களிலிருந்து ஏசுநாதரின் அறவுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் வரலாற்றுப் பகுதிகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். செராம்பூர் மிஷனைச் சேர்ந்த ஜோஷுவா மார்ஷ்மன் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஏசுவின் போதனையை அவரது தெய்விகத்திலிருந்தும் மீட்புப் பணியிலிருந்தும் பிரித்தெடுத்தால் எஞ்சுவது கிறிஸ்தவம் ஆகாது என்பது அவர் கருத்து. ராம்மோகன் மூன்று பதில்கள் எழுதினார். மூல மொழிகளிலேயே பைபிளைப் படிப்பதற்காக அவர் ஹீப்ருவும் கிரேக்கமும் பயின்றார்.

மார்ஷ்மன் எழுப்பிய கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமயத்திற்கு வெளியே நிற்பவர், அதன் நூலில் எது சாரம், எது சக்கை என்று தீர்மானிக்கலாமா? ஓர் அன்னியர் உபநிஷதத்திலிருந்து தமக்குப் பிடித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவை தேவையில்லை என்றால், அதை வாழ்வாகக் கொண்ட சாதகன் என்ன சொல்வான்? இதற்கு ராம்மோகனின் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. மற்றவரின் நூலைப் பற்றிப் பேசும் உரிமையை அவர் உழைத்துப் பெற்றார். குறை தேடிப் படிக்கவில்லை. வாழ்வுக்கு வழி தேடிப் படித்தார்.

அதே காலத்தில் வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆடம் என்ற இரு பாதிரியார்களும் ராம்மோகனும் சேர்ந்து சுவிசேஷங்களை வங்காள மொழியில் பெயர்த்தனர். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில், எல்லாம் படைக்கப்பட்டதைச் சொல்லும் இடத்தில், ஒரு சிறிய கிரேக்கச் சொல் வருகிறது. அதை ‘அவரால்’ என்று பெயர்ப்பதா, ‘அவர் வழியாக’ என்று பெயர்ப்பதா? முதல் பொருள் கொண்டால் கிறிஸ்துவே படைப்பவர். இரண்டாவது பொருள் கொண்டால் படைப்பு வேறொருவருடையது. கிறிஸ்து அதன் வாயில். இரு பாதிரியார்களும் இதைப் பற்றி விவாதித்தபோது, ராம்மோகன் பேனாவும் கையுமாக ஒன்றும் பேசாமல் கவனித்துக்கொண்டிருந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இறுதியில் ஆடம் இரண்டாவது பொருளையே சரியென்று கொண்டார். 1821-இல் திரித்துவக் கொள்கையைக் கைவிட்டு, கடவுள் ஒருவரே என்னும் யூனிடேரியன் கிறிஸ்தவராக மாறினார். மொழிபெயர்ப்புக் குழு கலைந்தது.

இந்த நிகழ்ச்சியைச் சமரசத்தின் இனிய கதை என்று சொல்ல முடியாது. நட்புகள் முறிந்தன, ஆடம் தம் சபையினரின் ஏளனத்திற்கு ஆளானார். ராம்மோகனும் மார்ஷ்மனும் கடைசிவரை உடன்படவில்லை. ஆயினும் அந்த மேசையில் நூல் ஒருவரை அடிக்கும் கோலாக இல்லை. மூவரும் அதன் முன் மாணவர்களாக அமர்ந்திருந்தனர். அதனால்தான் அது அவர்களுள் ஒருவருடைய வாழ்வையே மாற்றியது. மாற்றத்திற்குத் தன்னை ஒப்புக்கொடுக்காதவன் எந்த நூலையும் உண்மையில் திறப்பதில்லை.

வேலியும் பயிரும்

அப்படியானால் ஒருவர் தன் சமயத்தைத் தவறாகச் சித்திரிக்கும்போது வாய்மூடி இருக்க வேண்டுமா? தேவையில்லை. ஒரு சுலோகம் முன்பின் தொடர்பு வெட்டப்பட்டுச் சொல்லப்பட்டால் முழுப் பகுதியையும் எடுத்துக்காட்டுவது கடமை. மறைநூலின் பெயரால் ஒரு மனிதனுக்குத் தீங்கு இழைக்கப்பட்டால், அது எந்த நூலானாலும், தன் நூலேயானாலும், எதிர்த்துப் பேச வேண்டும். சமயங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை மழுப்புவதும் உண்மைக்குச் செய்யும் மரியாதையாகாது.

நியாய சூத்திரம் இதற்கு இடம் தருகிறது. உண்மையை அறியும் நோக்கோடு நடப்பது வாதம். வெல்வதற்காக எந்த உத்தியையும் கையாள்வது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாமல் பிறர் கொள்கையை உடைப்பது மட்டுமே விதண்டை. பின்னிரண்டும் முற்றிலும் விலக்கப்படவில்லை. முளைத்துவரும் பயிரைக் காக்க முள்வேலி இடுவதைப்போல, உண்மையின்பால் கொண்ட உறுதியைக் காக்க இவை உதவும் என்கிறது அந்த நூல். ஆனால் உண்மையை அறிவதற்கான வாதத்தை யாரோடு நடத்த வேண்டும் என்று சொல்லுமிடத்தில், சீடன், குரு, உடன் பயில்பவன், நன்மையை நாடுபவர் என்று வரிசைப்படுத்தி, அவர்கள் பொறாமையற்றவர்களாக இருக்க வேண்டும் என்கிறது.

வேலி தேவைதான். ஆனால் வேலியில் விளைச்சல் இல்லை. ஆண்டு முழுவதும் முள் வெட்டி வேலி கட்டுவதிலேயே காலத்தைக் கழிக்கும் உழவனின் நிலம் தரிசாகவே கிடக்கும்.

முதலில் கண்ட இரண்டு இளைஞர்களும் பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை. கேட்கும் கேள்வியைச் சற்று மாற்றினால் போதும். ‘உன் நூலில் இப்படி இருக்கிறதே, இதற்கு என்ன பதில்?’ என்ற கேள்விக்குப் பதிலாக, ‘உன் நூலில் உன்னை மாற்றிய இடம் எது?’ என்று ஒருவர் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மற்றவர் தன் நூலைத் தனக்காகப் படித்திருக்க வேண்டும். கேட்டவரும் அதே கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். இருவரையும் அளப்பது அங்கே ஒரே படி.

அன்று மாலை கீதையைத் திறக்கும்போது, நாளைக்கு வேண்டிய சுலோகத்தைத் தேடி விரல்கள் ஓடாது. திறந்த பக்கத்தில் அவை நிற்கும்.