‘இல்லை’ என்ற விடையின் விலை

விடுகதை போடுவதும் அவிழ்ப்பதும் தமிழ் மக்களுக்குப் புதியவை அல்ல. மலையகத்து லயங்களில், மழைக்கால இரவுகளில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, பாட்டிமார் போட்ட விடுகதைகளை அவிழ்த்தே குழந்தைகள் தம் அறிவைத் தீட்டிக்கொண்டார்கள். அம்மரபுக்கு உறவென்று சொல்லத்தக்க விளையாட்டு ஒன்று இன்று பள்ளிக்கூடங்களிலும் வழங்குகிறது. ஒருவர் ஒரு கதைமாந்தரை மனத்தில் நினைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் வினவுகிறார்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டு சொற்களையன்றி வேறு விடை கூடாது. இருபது வினாக்களுக்குள் பெயரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

‘பெண்ணா?’ ‘ஆம்.’ ‘அரச குலத்தவளா?’ ‘இல்லை.’ ‘மணமானவளா?’ ‘ஆம்.’ ‘சொந்த ஊரைவிட்டு வேற்றூர் சென்றவளா?’ ‘ஆம்.’ ‘குற்றமற்ற கணவனை அரசனின் ஆணையால் இழந்தவளா?’ என்று ஒரு மாணவி கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே ‘கண்ணகி!’ என்று கூவிவிடும்.

பொழுதுபோக்காகத் தோன்றினும் இவ்விளையாட்டினுள் நல்லதொரு தருக்கப் பயிற்சி இருக்கிறது. எடுத்த எடுப்பில் ‘கண்ணகியா?’ என்று கேட்பவன் ஒரு வினாவை வீணாக்குகிறான். ‘பெண்ணா?’ என்று கேட்பவனோ ஒரே வினாவில் பெருந்தொகையினரை நீக்கிவிடுகிறான். எஞ்சியோரைச் சரிபாதியாகப் பகுக்கும் வினாவே சிறந்த வினா. அவ்வாறு கேட்கத் தெரிந்தவனுக்கு, 1,048,576 பேருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க இருபது வினாக்கள் போதும். 1948ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷனன், செய்தியை அளக்கும் கணிதக் கோட்பாட்டை வெளியிட்டபோது, இரண்டில் ஒன்றைத் தெரியும் இச்செயலையே அதன் அலகாகக் கொண்டார். ‘பிட்’ என்னும் அந்த அலகின்மீதே இன்றைய கணினி உலகம் நிற்கிறது. 2007ஆம் ஆண்டில் பிரான்சில் தோன்றிய ‘அக்கினேட்டர்’ என்னும் இணைய விளையாட்டு, நாம் நினைத்துக்கொண்ட மாந்தரை இம்முறையில் வினவியே ஊகித்துச் சொல்லுகிறது.

இத்துணை ஆற்றல் வாய்ந்த கருவியைப் பற்றி நாம் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு. ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகளால் ஒரு மனிதரைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அவரை அறிந்துகொள்ள முடியுமா?

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் வரும் மருதியை எடுத்துக்கொள்வோம். பெண்ணா, உழைப்பாளியா, கடல் கடந்து இலங்கை வந்தவளா, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவளா என்று நான்கு வினாக்களிலேயே எம் மாணவர்கள் அவளை நெருங்கிவிடுவார்கள். பெயரும் கிடைத்துவிடும். ஆயினும் அவள் ஏன் கடல் கடந்தாள்? அவளைத் துரத்தியது எது? வந்த இடத்தில் அவள் இழந்தவை எவை? இவற்றுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை சொல்ல இயலாது. கதையைப் படித்தவருக்கே அவை தெரியும். விளையாட்டு முடியும் இடத்திலேதான் இலக்கியம் தொடங்குகிறது. பெயரை அறிதல் வேறு, ஆளை அறிதல் வேறு.

கற்பனை மாந்தர் அளவில் இவ்வேறுபாட்டால் எவருக்கும் கேடில்லை. உயிருள்ள மனிதரிடம் இம்முறையைக் கையாளும்போதுதான் அறத்தைப் பற்றிய பிரச்சினை எழுகிறது. அதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஷனனின் கோட்பாடு வெளிவந்த அதே 1948ஆம் ஆண்டில், சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள், இலங்கை அரசு தன் குடிகள் யாரென்று சட்டத்தின் வழியே வினவத் தொடங்கியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்ட வினாக்கள் மிகச் சில. இந்த மண்ணில் பிறந்தவரிடம், ‘உன் தந்தை இலங்கையில் பிறந்தவரா?’ என்று அது கேட்டது. ‘இல்லை’ என்றால், ‘உன் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா?’ என்று கேட்டது. விடையோடு அத்தாட்சியும் வேண்டும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்து, கங்காணியின் கீழ்ப் பேர் பதிந்து, காட்டை வெட்டித் தோட்டமாக்கிய மக்களின் சந்ததி, பாட்டனின் பிறப்புக்குக் கடதாசி எங்கே தேடும்? கொழுந்துக் கூடையைச் சுமந்து இந்நாட்டின் செல்வத்தை வளர்த்த தாயைப் பற்றி அச்சட்டம் ஒரு வினாவும் எழுப்பவில்லை. எத்தனை ஆண்டுகள் உழைத்தாய், யாரை இந்த மண்ணில் புதைத்தாய் என்றும் அது கேட்கவில்லை.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வேறு வினாக்களைக் கேட்டது. 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தாரா? நிலையான வருமானம் உண்டா? பெற்றோரைப் பார்க்க இந்தியா சென்று நெடுநாள் தங்கியவருக்கு, ‘இடையறாது’ என்ற ஒரு சொல்லே தடையாயிற்று. சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. ஏற்கப்பட்டவர் சுமார் 134,000 பேரே. இதற்கிடையில், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் வாக்குரிமையை 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பறித்தது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் வினாவே இல்லை. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தொகை முதலில் தீர்ந்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னால் முடிவாகுமென்று விடப்பட்டு, 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தோர் அதற்கென ஒதுக்கப்பட்ட தொகையை மிஞ்சினர். விடையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, அதற்கேற்ற மனிதரைத் தேடிய கணக்கு அது.

விளையாட்டுக்கும் இவ்விசாரணைக்கும் வடிவம் ஒன்றே. வேறுபாடு எங்கே இருக்கிறது? ‘இல்லை’ என்ற விடையின் விலையை யார் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது.

விளையாட்டில் ‘இல்லை’ என்ற விடை வினவுபவரின் பொறுப்பை வளர்க்கிறது. தம் ஊகம் பிழைத்ததை அவர் உணர்ந்து, இன்னும் நுட்பமான வினாவைச் சிந்திக்கிறார். தேடப்படும் ஆள் இருக்கிறார் என்பதில் அவருக்கு ஐயமே எழுவதில்லை. அவரைக் கண்டடையாதது வினாவின் குறை. மேலே சொன்ன இணைய விளையாட்டிலும் ‘தெரியாது’, ‘இருக்கலாம்’ என்று சொல்ல இடமுண்டு. தோற்றுவிட்டால் அது நம்மிடமே பெயரைக் கேட்டு அறிந்துகொள்கிறது. சட்டத்தின் முன்னிலையிலோ ‘இல்லை’ என்ற விடை மனிதனையே இல்லாதவனாக்கியது. ‘தெரியாது’ என்பதும் ‘கடதாசி தொலைந்துவிட்டது’ என்பதும் ‘இல்லை’ என்றே எழுதப்பட்டன. வினா தோற்றது, தண்டனை விடையளித்தவனுக்குக் கிடைத்தது.

இந்த அநீதியை நம் இலக்கியம் நெடுங்காலத்துக்கு முன்னரே ஆராய்ந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில், பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் கோவலனை விசாரிக்கவில்லை. காணாமற்போன சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று, சிலம்பைக் கொண்டுவருக என்பதே ஆணை. சிலம்பு கையில் இருந்ததா? ஆம். அந்த ‘ஆம்’ உண்மையானது. ஆயினும் தீர்ப்பு பொய்யாயிற்று. ‘அது யாருடைய சிலம்பு?’ என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை. பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்தபோதுதான், ‘நீ யார்?’ என்று மன்னன் கேட்கிறான். ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுள் அடங்காத வினா அது. அவள் தன் ஊரையும், அவ்வூரில் நிலைபெற்ற நீதியையும், கணவனையும், அவன் கொல்லப்பட்டதையும் சொல்லி, இறுதியிலேயே தன் பெயரைச் சொல்லுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்ற உண்மை அதன்பின் வெளிப்படுகிறது. ஒரு நாள் முன்னர் அவ்வினா எழுந்திருந்தால் மதுரை எரிந்திராது.

‘இலட்சக்கணக்கான மக்களை ஆளும் அரசு ஒவ்வொருவரின் கதையையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை பெறும் வினாக்களின்றி நிர்வாகம் நடவாது. குறை அவ்வடிவத்தில் இல்லை என்பதற்கு மலையகமே சான்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் சுருக்கமான வினாவையே கேட்டது: 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரா, அல்லது அத்தகையவரின் சந்ததியா? ‘ஆம்’ எனில் குடியுரிமை உண்டு. முன்னைய சட்டம் விலக்குவதற்கு வினவியது. இச்சட்டம் சேர்த்துக்கொள்வதற்கு வினவியது. இந்த இரண்டுக்குமிடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. விடைக்காகக் காத்திருந்தவருள் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணாகிப் போனார்கள். கப்பலேறிச் சென்ற குடும்பங்களும் பிரிந்த உறவுகளும் அச்சட்டத்தால் திரும்பி வரவில்லை.

ஆகவே வினவுதல் ஒரு அறச்செயல் என்று கொள்வதே பொருத்தம். வினவுபவர், விடையளிப்பவரால் விடை சொல்லக்கூடிய வினாவைக் கேட்க வேண்டும். ‘இல்லை’ என்ற விடை வந்தால், தம் வினா சரியானதா என்று முதலில் தம்மையே விசாரித்துக்கொள்ள வேண்டும். தம் வினாக்களுக்குள் அடங்காததைச் சொல்ல மற்றவருக்கு இடமும் தர வேண்டும்.

இது கடந்த காலத்தோடு முடிந்த காரியமன்று. இன்றும் லயங்களில் வாழும் பல குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே முகவரி. காணியுறுதி உண்டா, சொந்த வீடு உண்டா என்று அச்சிட்ட படிவங்கள் கேட்கும்போது, இரண்டு நூற்றாண்டு உழைப்பின் வாரிசுகள் ‘இல்லை’ என்றே எழுதுகிறார்கள். அப்படிவத்தை நிரப்ப மாணவனுக்கு உதவும் ஆசிரியர், அந்த இரண்டு சொற்களுக்கு அப்பால் நிற்கும் ‘ஏன்?’ என்ற வினாவையும் அவனுக்குக் கற்பித்தாக வேண்டும். பிறர் கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கப் பழகிய தலைமுறைகள் போதும். இனி வரும் தலைமுறை வினாக்களை எழுதும் இடத்திலும் அமரட்டும்.